பொன்னையா யாருமில்ல

ஜன்னலை முழுசாச் சாத்திராத தாயி, கொஞ்சூண்டு காத்து பின்னால போகட்டும். திரும்பிப் பாரு, ரெண்டு சீட்டு தள்ளி மஞ்சச் சேலை ஒண்ணு வாயத் தெறந்துக்கிட்டுத் தூங்குதுல்ல, அது என் நாத்தனா. இந்திராணி. காத்து வரலைன்னா அதுக்குக் கொமட்டும். கொமட்டுனா பஸ்ஸை நிறுத்தச் சொல்லும். நிறுத்துனா நாங்க காரைக்குடி போய்ச் சேர நேரமாயிரும். அங்க எங்களுக்காக ஆளுக காத்துக்கிட்டிருக்காக. நாடகம் இருக்கு.

பாக்கப் போறோம்னு நெனச்சியா? நடிக்கப் போறோம். நான் ஆம்பள வேசம். எதுக்கு அப்பிடி மேலயும் கீழயும் பாக்குற, இந்த மூஞ்சிக்கு என்ன கொறச்சல். பேன்ட்டு போட்டு, சட்டைய உள்ள விட்டு, தலைமுடிய அமுக்கிக் கட்டி ஒரு தொப்பிய வச்சா, பெத்த மகளுக்கே அடையாளம் தெரியாது. தெரிஞ்சுச்சுன்னு வையி. அது வேற கதை.

அந்தக் கதையத்தான் சொல்ல வாறேன். நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ரோட்டைப் பாத்துக்கிட்டே எவ்வளவு நேரம் வர முடியும். நான் அதிகம் பேசுற ஆளில்ல. ஆனா ஒண்ணு ஆரம்பிச்சா ஒழுங்காச் சொல்லி முடிச்சிருவேன்.

எங்க வீட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு. சங்கரலிங்கம்னு பேரு. விசிலை வாயில வச்சுக்கிட்டு, எந்த பஸ் எப்பக் கெளம்பணும்னு வெரட்டுற வேலை. ரிட்டயராகி வீட்டுக்கு வந்தாரா, வெரட்டுறதுக்கு பஸ் இல்ல. நான்தான் இருந்தேன். இட்லி எறங்க நேரமானா விசிலு. கோயிலுக்குக் கெளம்ப நேரமானா விசிலு. பக்கத்து வீட்டு நாயி ஆரம்பத்துல அந்தச் சத்தத்துக்குப் பதறியடிச்சு ஓடியாரும். போகப் போக அதுக்குப் பழகிருச்சு. எனக்கும் பழகிருச்சு. என்னத்தச் செய்யிறது, அவருக்குப் பேச வராது. வைய வரும், விசிலடிக்க வரும். நடுவுல ஒண்ணும் கெடையாது.

சாகுறப்பக்கூட வைஞ்சுக்கிட்டுத்தான் செத்தாரு. என்னைய இல்ல, டிவி ரிமோட்ட. அமுக்குறாரு, தட்டுறாரு, 'இதுக்கெல்லாம் ஒரு ரிமோட்டு'ன்னு திட்டுறாரு. அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். சட்டுனு சத்தம் நின்னு போச்சு. பேட்டரி போயிருச்சு போலன்னு நெனச்சேன். ரிமோட்டுக்குன்னு நெனச்சேன்.

நீ சிரிக்கலாம், தப்பில்ல. நானே இப்பச் சிரிக்கிறேன்ல.

துக்கத்துக்கு வந்தவுக பூரா நல்ல சாவு, நல்ல சாவுன்னாக. படுக்கையில கெடக்கல, யாருக்கும் தொந்தரவு குடுக்கலன்னு. எல்லாரும் போனதுக்கு அப்பறம் நான் கடைக்குப் போயி பேட்டரி வாங்கியாந்து ரிமோட்டுல போட்டேன். படம் பளிச்சுன்னு வந்துச்சு. 'பாத்தீகளா, நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு திரும்புனா ஆளில்ல. அதுக்கப்பறம் நான் டிவி போடல.

மத்தபடி எனக்கு ஒண்ணும் பெரிய வருத்தமெல்லாம் இல்ல. எல்லாரும் நெனச்சாக, செண்பகவல்லி ஒடஞ்சு போயிட்டான்னு. எங்க ஒடஞ்சேன்? சமைக்கப் புடிக்கல, சமைக்கல. பகல்ல தூக்கம் வந்துச்சு, தூங்குனேன். சேலைய மாத்தி எங்க போகப் போறோம்னு மாத்தல. யாரு வந்து கூப்பிட்டாலும் எந்திரிச்சுப் போய்க் கதவத் தெறக்கச் சோம்பேறித்தனமா இருந்துச்சு, தெறக்கல. இதைப் போயி எம் மக தேன்மொழி பெரிய வியாதியாக்கிட்டா. அவளுக்கு எதையும் பெருசாக்கிப் பாக்குற புத்தி, அவுக அப்பா மாதிரி.

ஒரு நாளு வந்து, அம்மா உன்னைய ஒரு பட்டறையில சேத்து விட்டிருக்கேன்னா. எனக்குக் குழப்பமாப் போச்சு. எங்க தெருவுல பட்டறைன்னா லேத் பட்டறை. இந்த வயசுல என்னைய இரும்பு கடையப் போகச் சொல்றாளேன்னு பாத்தேன். அது நாடகப் பட்டறையாம். வீட்டுக்காரரையோ பொண்டாட்டியையோ பறிகுடுத்தவுகளுக்காக நடத்துறது. லைப்ரரி மாடியில, சனி ஞாயிறு. முடியாதுன்னேன். 'அங்க மேல ஏசி ஓடுது'ன்னா. அப்ப வெயிலு மதுரையைப் பொரிச்சு எடுத்துக்கிட்டிருந்துச்சு. ஏசிக்காகத்தான் போனேன். இப்பவும் யாரும் கேட்டா அதைத்தான் சொல்வேன்.

நடத்துறது ரோஸ்லின்னு ஒரு பொண்ணு. உன்னையவிட நாலஞ்சு வயசு மூப்பு இருக்கும். தலைமுடிய ஆம்பள மாதிரி வெட்டியிருக்கும், ஆனா தங்கமான பொண்ணு. வந்திருந்தவுகளத்தான் பாக்கணும். ஒருத்தர் மூஞ்சியிலயாவது ரத்தம் இருக்கணுமே. பேங்க்குல மேனேஜரா இருந்தவரு ஒருத்தர், நாச்சியப்பன்னு. மரமா நில்லுங்கன்னு ரோஸ்லின் சொன்னா, நின்னுக்கிட்டு அழுவாரு. ஆறா ஓடுங்கன்னா, ஓடிக்கிட்டே அழுவாரு. மழையாப் பெய்யச் சொன்ன அன்னைக்கு மட்டும் பொருத்தமா இருந்துச்சு.

நான் மரமாவும் நிக்கல, ஆறாவும் ஓடல. ஏசிக்கு நேரா ஒரு எடத்தப் புடிச்சு உக்காந்துக்கிட்டேன். ரோஸ்லின் என்னைய வற்புறுத்தல. ஒரு வாரம் போச்சு, அடுத்த வாரமும் போச்சு. அப்பறம் ஒரு நாளு, உங்களுக்குத் தெரிஞ்ச யாராச்சும் ஒருத்தர் மாதிரி நடந்து காட்டுங்கன்னுச்சு. ஒவ்வொருத்தரா நடந்தாக. ஒண்ணும் நல்லா இல்ல. எல்லாரும் அவுகவுக மாதிரியேதான் நடந்தாக. எனக்கு எரிச்சலாயிருச்சு. நடக்கிறதுன்னா எப்பிடின்னு இவுகளுக்கு ஒருத்தராச்சும் காட்டணுமேன்னு எந்திரிச்சேன்.

சும்மா நடந்தேன் தாயி. நெஞ்சைக் கொஞ்சம் முன்னால தள்ளி, கையப் பின்னால கட்டி, குதிகால அழுத்தி வச்சு. பாதி தூரம் போயி நின்னு, மணிக்கட்டத் திருப்பி வாட்சைப் பாத்து, உச்சுக் கொட்டி, ஏசியை ஒரு பார்வை பாத்தேன், என்னமோ அது லேட்டா வந்த மாதிரி. ஒரு இருமல் இருமுனேன். அவ்வளவுதான். சிரிச்சாக பாரு, கீழ லைப்ரரியில படிச்சிக்கிட்டிருந்த பையங்க மேல ஏறி வந்துட்டாங்க. நாச்சியப்பன் சிரிச்சுச் சிரிச்சு, பழக்கம் விடுமா, கடைசியில அழுதுட்டாரு.

ரோஸ்லின் கேட்டுச்சு, யாரும்மா இவருன்னு. யாருமில்லையேன்னேன். சும்மா ஒரு ஆளு. பேரு என்னன்னுச்சு. வாயில வந்ததச் சொன்னேன், பொன்னையான்னு. எங்க வீட்டுக்காரரான்னு சந்தேகமாக் கேட்டுச்சு. அவரு பேரு சங்கரலிங்கம், இவன் பொன்னையா, அது எப்பிடி அவராகும்?

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப ஷேர் ஆட்டோவுல உக்காந்து தனியாச் சிரிக்கிறேன். பக்கத்துல இருந்த பொம்பள தள்ளி உக்காந்தா. எறங்கி, முக்குக் கடையில புரோட்டா வாங்கி, சால்னாவ நல்லா ஊத்தச் சொல்லி, வீட்டுக்குக்கூடப் போகாம அங்கயே நின்னு தின்னேன். அவ்வளவு பசி. எத்தன நாளுப் பசியோ தெரியல.

அதுக்கப்பறம் சனிக்கெழமை எப்ப வரும்னு இருக்க ஆரம்பிச்சுட்டேன். ஏசிக்காகத்தான்.

பொன்னையாவ வச்சு ஒரு நாடகம் போடலாம்னு ரோஸ்லின் சொல்லிருச்சு. பொன்னையா காலையில எந்திரிக்கிறான், பேப்பர் லேட்டு, பால் லேட்டு, சூரியன் லேட்டுன்னு எல்லாத்தையும் வையிறான். வீட்டுக்காரியத் திட்டுறதுக்கு ஒரு காரணத்தத் தேடிக்கிட்டே இருக்கான். கெடைக்கல. அந்தக் கோவத்துல அவளத் திட்டுறான். இதான் கதை. எழுதுனது பூராம் நான் சொல்லச் சொல்ல ரோஸ்லின்தான். கற்பனைதான் எல்லாம். எனக்கு இவ்வளவு கற்பனை இருக்கும்னு எனக்கே தெரியாது.

வேசத்துக்குத் துணி வேணும்ல. புதுசா வாங்குறது தண்டம். வீட்டுல பீரோ நெறையச் சட்டை இருக்கு. கொக்கியில கெடந்த காக்கிச் சட்டை ஒண்ணை எடுத்துக்கிட்டேன். ரிட்டயராகியும் விடாம, சாகுறதுக்கு முந்துன நாளுகூடப் போட்டது. தேன்மொழி, தொவச்சாச்சும் போடும்மான்னா. தொவைக்கல. தொவச்சுத் தேச்சா சட்டை புதுசு மாதிரி ஆயிரும், வேசத்துக்குப் பொருந்தாது. அதெல்லாம் நாடகக்காரவுகளுக்குத்தான் புரியும். ஒத்திகை இல்லாத நாள்லயும் அதை எடுத்துப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருப்பேன். பழகணும்ல.

இது இப்பிடிப் போயிக்கிட்டிருக்கும்போதுதான் யாரோ போயி இந்திராணி காதுல ஊதிட்டாக.

இந்திராணி எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. அண்ணன்னா உசுரு. எனக்கும் அதுக்கும் கல்யாணமான நாள்ல இருந்தே ஆகாது. ஆகாதுன்னா சண்டை கெடையாது. அது வந்தா நான் காப்பி போடுவேன், அது சீனி கம்மின்னு சொல்லும், நான் போட மாட்டேன். அப்பிடி.

வந்து வாசல்லயே நின்னுச்சு. உள்ள வான்னேன், வரல. தெருவே கேக்குற மாதிரி ஆரம்பிச்சுச்சு. அண்ணன் செத்து வருசம் திரும்பல, அதுக்குள்ள அண்ணன் சட்டைய மாட்டிக்கிட்டுக் கூத்தடிக்கிறியா, நாலு பேரு கூடிச் சிரிக்கவா எங்கண்ணன் பொறந்துச்சு, இருந்தப்ப ஒரு வார்த்தை எதுத்துப் பேசாதவ செத்ததும் பழி வாங்குறியான்னு. எனக்குக் கோவம் வரல. பழி வாங்குறியான்னு கேட்டதுதான் கொஞ்சம் உறுத்துச்சு. அது உங்கண்ணன் இல்ல, பொன்னையான்னு பொறுமையாச் சொன்னேன். சட்டை யாரோடதுன்னுச்சு. காப்பி குடிக்கிறியான்னு கேட்டேன்.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டுப் போச்சு. 'நான் வருவேன் மதினி. மொத வரிசையில உக்காருவேன். எங்கண்ணன நீ அசிங்கப்படுத்துனா, அத்தன பேருக்கு முன்னாலயும் எந்திரிச்சு நின்னு கேப்பேன். அன்னைக்கோட உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல.'

போகட்டும், தொல்லை விட்டுச்சுன்னு நெனச்சிருக்கணும் நானு. நெனைக்க முடியல. ஏன்னு தெரியல. அவருக்குச் சின்ன வயசுல புளிய மரத்துல இருந்து விழுந்து கை ஒடஞ்சது, விசிலுக்கு ஆசைப்பட்டு வேலைக்குச் சேந்தது, இதெல்லாம் தெரிஞ்ச ஆளு ஒலகத்துல இப்ப அது ஒண்ணுதான். அதுவும் போயிருச்சுன்னா நான் யாருகிட்டப் போயிச் சண்டை போடுறது?

தேன்மொழி கெஞ்சுனா, நாடகத்த விட்டுரும்மான்னு. அவளே சேத்து விட்டுட்டு அவளே விடச் சொல்றா. விட முடியாதுன்னுட்டேன். அத்தன வருசம் விசிலுக்கு எந்திரிச்சவ, இப்பத்தான் மொத மொதலா என் காலு எனக்காக நடக்குது. நாச்சியப்பன்கூட அழுகாம ஒரு வசனம் பேச ஆரம்பிச்சுட்டாரு. எப்பிடி விடுறது.

நாடகத்தன்னைக்கு லைப்ரரி மாடி நெறஞ்சு போச்சு. திரையச் சந்து விட்டுப் பாக்குறேன், சொன்ன மாதிரியே இந்திராணி மொத வரிசையில. மூஞ்சிய வச்சிருக்கு பாரு, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி. தொப்பியக் கழட்டிக் கழட்டி மாட்டுறேன். ரோஸ்லின் என் தோளைப் புடிச்சு, வேண்டாம்னா நிறுத்திக்கலாம்மான்னுச்சு. சட்டைய இழுத்து விட்டுக்கிட்டேன். பொன்னையா எதுக்குப் பயப்படணும்? எவளோ ஒருத்தி மொத வரிசையில உக்காந்திருந்தா அவனுக்கென்ன.

போனேன். நடந்தேன். சிரிப்பு ஆரம்பிச்சிருச்சு. சூரியனை வைஞ்சதும் கூட்டம் தட்டுது. நான் இந்திராணி பக்கமே திரும்பல. வாட்சைப் பாத்து உச்சுக் கொட்டி, இருமுனேன். அப்ப எந்திரிச்சிருச்சு.

எந்திரிச்சு நின்னதோட இல்ல, விறுவிறுன்னு மேடைக்கே வந்துருச்சு. அத்தன சிரிப்பும் அடங்கிப் போச்சு. ரோஸ்லின் ஓரத்துல நின்னு கையப் பெசையுது. தேன்மொழி தலையில கை வச்சுக்கிட்டா. இந்திராணி என் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு, சட்டையப் பாத்துச்சு, தொப்பியப் பாத்துச்சு. சரி, இத்தோட எல்லாம் முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன்.

'அண்ணன் இப்பிடியா மதினி இருமும்?' அப்பிடின்னுச்சு. 'மொதல்ல மூக்க உறிஞ்சும். அப்பறந்தான இருமும்.'

சொல்லிட்டு உறிஞ்சி, இருமிக் காட்டுச்சு.

அச்சு அசலு தாயி. நான் பின்னால திரும்பிப் பாத்துட்டேன். கூட்டம் இதையும் நாடகம்னு நெனச்சு விழுந்து விழுந்து சிரிக்குது. இந்திராணிக்கும் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சிக்கிட்டே மேடை ஓரத்துல உக்காந்துச்சு, உக்காந்தது அழுதுச்சு, அழுதுக்கிட்டே என்னையப் பாத்து, இன்னொரு தடவ நடந்து காட்டுன்னுச்சு. காட்டுனேன். இன்னொரு தடவன்னுச்சு. அதுக்கும் காட்டுனேன்.

பொன்னையா எதுக்கு மூக்க உறிஞ்சணும்? அவனுக்கும் இவுக அண்ணனுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் அடுத்த காட்சியில உறிஞ்சித்தான் இருமுனேன். ஒரு மரியாதைக்கு.

மறு வாரம் பட்டறைக்குப் போனா, ஏசிக்கு நேரா என் எடத்துல இந்திராணி உக்காந்திருக்கு. நடிப்புல திருத்தம் சொல்ல வந்ததாம். திருத்தம் சொல்லிச் சொல்லி, கடைசியில ரோஸ்லின் அதுக்கும் ஒரு வேசம் குடுத்துருச்சு. என்ன வேசம்னு நெனைக்கிற? பொன்னையா பொண்டாட்டி. அங்கதான் எனக்கும் அதுக்கும் இப்பப் பிரச்சினை. அது அந்தப் பொம்பளைய வாய் மூடாத ஆளா நடிக்குது. காலையில வாயத் தெறந்தா, புருசன் ஒரு வார்த்தை பேச எடமில்லாம, பாலுக்காரன் கதை, பக்கத்து வீட்டு நாயி கதைன்னு பேசிக்கிட்டே இருக்கா. பாவம் பொன்னையா வேற வழியில்லாமத்தான் விசிலை எடுக்குறான். ஊரே சிரிக்குது. நான் இந்திராணிகிட்டக் கேட்டேன், நான் எங்க அப்பிடிப் பேசுறேன்னு. அது சொல்லுது, 'நீ எதுக்கு மதினி வருத்தப்படுற, இவ யாரோ பொன்னையா பொண்டாட்டிதான.'

நீயே சொல்லு, மேலூருல இருந்து கூட வாறியே, நான் அப்பிடியா பேசுறேன்?

சரி விடு. நாங்க எறங்குற எடம் வரப் போகுது, திருமங்கலத்துல நடந்ததச் சொல்லி முடிச்சிர்றேன். போன வாரம் அங்க ஒரு பள்ளிக்கொடத்துல போட்டோம். எப்பவும் போலத்தான். பொன்னையா மேடை நடுவுல உக்காந்து வையிறான், அவ அங்கிட்டும் இங்கிட்டும் வேலை பாத்துக்கிட்டே பேசுறா. இந்திராணிக்கு முட்டி வலி. அன்னைக்கு மாடிப்படி வேற ஏறியிருந்துச்சு. ஒரு கைய இடுப்புல ஊணிக்கிட்டு, தலைப்பால கழுத்தைத் தொடச்சுக்கிட்டு, வசனத்த நிறுத்தாம நடக்குது. நான் பொன்னையாவா உக்காந்து அவளப் பாக்குறேன். நல்லாப் பாத்தேன். ஒரு புருசன் உக்கார்ற எடத்துல இருந்து நான் அந்தப் பொண்டாட்டியப் பாத்ததே இல்லையே. எதுக்கு இவ இன்னும் நின்னுக்கிட்டே இருக்கான்னு தோணிருச்சு. மோசமில்ல தாயி அவ. களைச்சுப் போயிருந்தா, அவ்வளவுதான்.

அடுத்து நான் விசிலை எடுக்கணும். எடுக்கல. நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டேன். 'இந்தா, நீ கொஞ்சம் உக்காரு'ன்னேன்.

நாடகத்துல அப்பிடி ஒரு வசனமே கெடையாது. இந்திராணிக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. முழிச்சுச்சு. அப்பறம் மெதுவா வந்து உக்காந்துச்சு. அவ்வளவு பேசுனவ ஒரு வார்த்தை பேசல. நான் பக்கத்துல நின்னேன். கூட்டத்துல ஒருத்தரும் சிரிக்கல. ஒருத்தரும் இருமக்கூட இல்ல.

திரும்பி வாறப்ப ஆட்டோவுல இந்திராணி கேட்டுச்சு, 'அண்ணன் உன்னைய அப்பிடி உக்காரச் சொல்லிருக்கா மதினி?'

இல்லைன்னேன்.

ஆட்டோ எங்க தெருவுக்குள்ள திரும்புச்சு. அப்பறம் சொல்லுச்சு, நீ சொன்னது சரிதான், பொன்னையா வேற ஆளுதான், எங்கண்ணன் இல்லைன்னு.

நான் மொதல்ல இருந்து கத்திக்கிட்டிருந்தது அதைத்தான? ஒரு வழியா ஒத்துக்கிச்சேன்னு சந்தோசப்படணும்ல? எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு தாயி.

'ஏன், உங்கண்ணன் சொல்ல மாட்டாரா?' அப்பிடின்னேன். 'இருந்திருந்தா இந்நேரம் அதையும் கத்துக்கிட்டிருப்பாரு.'